அணிலின் கணக்கும் அண்ணலின் கணக்கும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

காதர்பேட்டைக் கடைவீதியில் ஒரு பனியனைக் கையில் எடுத்துப் பார்ப்போம். எத்தனை கைகளைக் கடந்து அது நம் கைக்கு வந்தது என்பதை அந்தப் பனியன் சொல்லாது. நூல் நிட்டிங் எந்திரத்தில் ஏறித் துணியாயிற்று. சாயப்பட்டறையில் நிறம் பெற்றது. கட்டிங் மேசையில் ஒருவர் அளந்து வெட்டினார். ஓவர்லாக்கில் ஒருவரும் பேட்லாக்கில் ஒருவரும் தைத்தனர். கைமடி வேலை செய்பவர் பக்கத்தில் நின்று துண்டுகளை எடுத்துக் கொடுத்தும் மடித்தும் அடுக்கினார். செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று மேலும் பல கைகள் அதன்மேல் பட்டன. முடிவில் கழுத்துப்பட்டியின் உள்ளே ஒரே ஒரு பெயர் தைக்கப்படுகிறது. அது விற்பவரின் பெயர். செய்தவர் யாரென்று வாங்குபவர் கேட்பதில்லை. வணிகத்தில் இது குற்றமும் அன்று. கூலி கொடுத்தாயிற்று, கணக்கு முடிந்தது என்று இரு தரப்பாரும் எண்ணிக்கொள்கின்றனர்.

இதே திருப்பூரில் வைகாசி விசாகத்தை ஒட்டி விசுவேசுவர சுவாமி திருக்கோயிலிலும் வீரராகவப் பெருமாள் திருக்கோயிலிலும் தேர்த்திருவிழா நடைபெறுகிறது. தேரும் பல கைகளின் படைப்பே. ஆனால் அது விற்பனைக்கு வருவதில்லை. எவரும் அதை வீட்டுக்குக் கொண்டு போவதில்லை. வெயிலில் நின்று காண்பவர் அனைவருக்கும் அது பொது. அப்படியானால் பலர் கூடிச் செய்த அந்தப் பொதுக்கலை யாருடையது? அதில் சிறு பங்கு செய்தவனுக்கு அதன்மேல் என்ன உரிமை? "இது எம்பெருமான் காரியம், இதில் உன் பங்கு என் பங்கு என்று பேசலாமா?" என்று கேட்டு இந்த வினாவை அடக்கிவிடுவது எளிது. அடியேனும் ஒரு காலத்தில் அப்படி அடக்கியவனே. அது சரியன்று என்று பிற்காலத்தில் உணர்ந்தேன். உணர்ந்த விதத்தை இந்த மலரின் வாயிலாக அடியார்கள் திருமுன் வைக்கிறேன்.

தேர் என்னும் கூட்டுக்கலை

தேரைப் போல ஊரையே ஒன்றுகூட்டும் கலைப்படைப்பு வேறொன்று இல்லை எனலாம். அதன் அடித்தட்டில் இலுப்பை, வேங்கை, தேக்கு முதலிய மரங்களில் தச்சர் அவதாரத் திருக்கோலங்களையும் யாளிகளையும் செதுக்குகின்றனர். அச்சும் பட்டையும் கொல்லர் கைவேலை. நம் காலத்தில் பல தேர்களுக்குத் திருச்சி பாரத மிகுமின் நிலையம் இரும்புச் சக்கரங்களும் அச்சும் செய்து கொடுத்திருக்கிறது. மரவேலை முடிந்த இடத்தில் மூங்கில் வேலை தொடங்குகிறது. மூங்கில் சட்டத்தின்மேல் சீலை போர்த்தப்படுகிறது. நான்கு புறமும் துணியால் ஆன நீண்ட உருளைகளாகத் தொம்பைகள் தொங்குகின்றன. பூத்தொடுப்பவர், வாழை கட்டுபவர், வடம் திரிப்பவர், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட்டுத் தேரின் போக்கைத் திருப்புபவர் எனப் பலரும் வந்து சேர்கின்றனர். முட்டுக்கட்டை போடுபவர் ஒரு கணம் தவறினாலும் தேர் வீட்டுச் சுவரில் மோதிவிடும். ஆயினும் தேரைப் பார்க்கும் கண்கள் கலசத்தை நோக்கி மேலே செல்கின்றனவே அன்றி, சக்கரத்தடியில் குனிந்திருக்கும் அவரை நோக்கிக் கீழே இறங்குவதில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மரச் சிற்பம் தலைமுறைகளுக்கு நிற்கும். சீலையும் தொம்பையும் மூங்கிலும் பூவும் வாடும், கிழியும், மீண்டும் மீண்டும் புதிதாகச் செய்யப்படும். ஆகவே தேர் ஒருமுறை செய்து முடிந்த பொருள் அன்று. ஊரார் கை வைக்கும்வரை உயிரோடு இருக்கிறது. கை எடுத்தால் தேர்முட்டியில் மரக்குவியலாய் நிற்கிறது.

ஒரு தொம்பையின் கதை

பல ஆண்டுகளுக்கு முன்பு அடியேனும் சில அன்பர்களும் சேர்ந்து ஒரு சிறிய பெருமாள் கோயிலின் தேருக்குப் புதிய தொம்பைகளும் சீலைகளும் தைத்துக் கொடுக்க முனைந்தோம். காதர்பேட்டைச் சந்து ஒன்றில் இருந்த பனியன் கம்பெனியின் மாடியில், பகல் வேலை முடிந்த பின் இரவில் பணி நடந்தது. சிவப்புத் துணியின்மேல் மஞ்சள், பச்சை, வெள்ளைத் துண்டுகளைத் தாமரையாகவும் அன்னமாகவும் யாளியாகவும் வெட்டி ஒட்டித் தைக்க வேண்டும். நீண்ட ஓரங்களை எந்திரம் தைத்துவிடும். அன்னத்தின் கழுத்திலும் தாமரை இதழின் முனையிலும் எந்திரம் திரும்பாது. அங்கே விரலால் ஓரம் மடித்து ஊசியால் தைக்க வேண்டும்.

அந்த வேலைக்குக் கம்பெனியில் கைமடி செய்துவந்த ஓர் அம்மையார் இரண்டு இரவுகள் தங்கினார். ஐம்பது வயதிருக்கும். அவருடைய மடிப்பு நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. வரவு செலவுக் கணக்கு எழுதும் பொறுப்பு அடியேனுடையது. கட்டிங் மாஸ்டருக்கும் தையல்காரர்களுக்கும் கூலி கொடுத்தோம். மூங்கில்காரருக்குக் கொடுத்தோம். அந்த அம்மையாரிடம் எங்களில் ஒருவர், "பெருமாள் காரியம் இல்லைங்களா அம்மா?" என்றார். அவர் தலையசைத்தார். பேச்சு அதோடு முடிந்தது.

தேரன்று கூட்டத்தில் அவர் பக்கத்தில் நிற்க நேர்ந்தது. தொம்பைகள் காற்றில் ஆட, தேர் எங்களைக் கடந்து சென்றது. "நீங்க தெச்சது எதுங்கம்மா?" என்று கேட்டேன்.

"அதுதானுங்க தெரியல. எல்லாமே ஒண்ணாத்தான் ஆடுதுங்க" என்று அவர் சிரித்தார்.

அந்தச் சொல் அடியேனை உருக்கிவிட்டது. தன் பங்கு எது என்று அறியாமலே மகிழும் உள்ளம் வேதாந்தம் கற்றவர்க்கும் எளிதில் வாய்ப்பதில்லை. பின்னர் பல சத்சங்கங்களில் இதை எடுத்துச் சொன்னேன். கேட்டவர் பலர் கண் கலங்கினர்.

நெடுநாள் கழித்து ஒரு நாள் வீட்டில் பழைய தாள்களை ஒழுங்குபடுத்தும்போது அந்தக் கணக்கு நோட்டு கைக்கு வந்தது. புரட்டினேன். துணி, நூல், மூங்கில், கூலி, வண்டி வாடகை எல்லாம் இருந்தன. இரண்டு இரவுகளும் வாங்கிய தேநீருக்குக்கூட வரி இருந்தது. அந்த அம்மையாருக்கு ஒரு வரி இல்லை. எழுதியது அடியேனின் கை. கூட்டந்தோறும் யாருடைய தியாகத்தைப் புகழ்ந்து வந்தேனோ, அவர் உழைப்பை அடியேனின் கணக்கே அறியவில்லை. அவர் தாமாகத் தியாகம் செய்தாரா, அல்லது கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டாரா என்பதை எவரும் விசாரிக்கவும் இல்லை. நோட்டை மூடிவைக்க மனம் வரவில்லை.

அணில் எண்ணவில்லை, அண்ணல் எண்ணினான்

கூட்டுப்பணி என்றதும் நம் நினைவுக்கு வருவது சேதுபந்தனம். வான்மீகி முனிவர் அதற்கு நாட்கணக்கே தருகிறார். நளனின் மேற்பார்வையில் வானரர் முதல் நாள் 14 யோசனை, அடுத்த நாட்களில் முறையே 20, 21, 22, 23 யோசனை தூரம் கட்டினர். ஐந்து நாட்களில் 100 யோசனை நிறைந்தது. அணையும் நளனின் பெயரால் நளசேது என வழங்கிற்று.

அணில் வான்மீகத்தில் இல்லை. அது நம் தமிழ் வழக்கில் வருவது. தொண்டரடிப்பொடியாழ்வார் தம் திருமாலையில், வானரங்கள் மலைகளைப் பெயர்த்துத் தள்ள, அணில்கள் நீரில் நனைந்து மணலில் புரண்டு ஓடித் தம்மால் இயன்றதைச் செய்த காட்சியை நினைந்து, வஞ்சமற்ற அந்த அணில்களின் உள்ளம் தமக்கு வாய்க்கவில்லையே என்று வருந்துகிறார். திருவரங்கத்தில் நந்தவனம் வைத்து நாள்தோறும் மாலை கட்டிக் கொடுத்த கைங்கரியபரர் அவர். மாலையும் தேர்ச்சீலையைப் போல வாடும் படைப்பே. அணிலின் அருமை அவருக்குத் தெரிந்ததில் வியப்பில்லை.

மக்கள் வழக்கில் இக்கதைக்கு ஒரு முடிவு உண்டு. இராமபிரான் அந்த அணிலைக் கையில் எடுத்து முதுகைத் தடவிக் கொடுக்க, மூன்று கோடுகள் விழுந்தன என்பர். கதையைச் சொல்லும்போது அணிலின் அடக்கத்தையே பெரிதும் பாராட்டி நிறுத்திவிடுகிறோம். இராமனின் செயலில் உள்ள தருமத்தை அவ்வளவாக எண்ணுவதில்லை. தான் எத்தனை மணல் கொண்டு வந்தோம் என்று அணில் எண்ணவில்லை. அது அணிலின் சிறப்பு. ஆனால் மலைகள் விழும் ஆரவாரத்துக்கு நடுவே ஒரு பிடி மணலையும் அண்ணல் கண்டான், எண்ணினான், மறையாத அடையாளமும் இட்டான். அது அண்ணலின் சிறப்பு. "அணிலே எண்ணவில்லை, நான் எதற்கு எண்ண வேண்டும்?" என்று இராமன் இருந்திருந்தால் அணிலின் பெருமை குறைந்திராது. இராமனின் பெருமை குறைந்திருக்கும்.

ஆகவே பொதுப்பணியில் கணக்கு இரண்டு வகை. செய்தவன் தன் பங்கை மறப்பது ஒரு தருமம். செய்வித்தவர் பிறர் பங்கை மறவாதிருப்பது மற்றொரு தருமம். முதல் தருமத்தைக் காட்டி இரண்டாவதிலிருந்து தப்பிக்கொள்வதே நம்மில் பலர் அறியாமல் செய்யும் பிழை.

தியாகம் யாருடைய சொல்?

நம் ஆசாரியர்கள் எந்தக் கருமத்தையும் சாத்துவிகத் தியாகத்துடன் செய்யப் பணித்துள்ளனர். நானே செய்கிறேன் என்ற கர்த்ருத்துவத்தை விடுதல், இது என்னுடையது என்ற மமதையை விடுதல், பலன் எனக்கே என்ற எண்ணத்தை விடுதல் என அது மூவகைப்படும். கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் ஒரு செயலுக்கு ஐந்து காரணங்கள் கூறுகிறது. அவற்றுள் செய்பவன் ஒருவனே. ஐந்தாவதாகத் தெய்வம் நிற்கிறது. அந்தத் தெய்வம் அந்தர்யாமியான பரமாத்மாவே என்று எம்பெருமானார் தம் கீதா பாஷ்யத்தில் விளக்குகிறார். ஒரு பெண் ஊசியில் நூல் கோப்பதற்கும் உடல், உயிர், கண்ணும் கையும், மூச்சின் இயக்கம், உள்நின்று நடத்தும் இறைவன் ஆகிய ஐந்தும் கூட வேண்டும். அப்படியிருக்க "நான் தைத்தேன்" என்று செருக்குக் கொள்ள இடம் ஏது?

இந்த உபதேசம் உண்மையானது. ஆனால் இதன் சொற்கள் எவரை நோக்கியவை என்பதைக் கவனிக்க வேண்டும். விடு என்ற கட்டளை ஒவ்வொருவனும் தனக்குத்தானே இட்டுக்கொள்வது. என் மமதையை நான் விடலாம். உன் மமதையை உனக்காக நான் விட முடியாது. உன் கூலியை நான் கையில் வைத்துக்கொண்டு, "மமதையை விடு" என்று உனக்கு உபதேசித்தால் அதற்குப் பெயர் தியாகம் அன்று.

"ஜீவர்கள் அனைவரும் எம்பெருமானுக்குச் சேஷபூதர்கள். உழைப்பும் அவனுடையது, பொருளும் அவனுடையது. இதில் கூலி என்ற பேச்சு எப்படி வரும்?" என்று ஒருவர் கேட்கலாம். எல்லாம் அவனுடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் எல்லாம் அவனுடையது என்பதற்கு, எல்லாம் விழாக் குழுவினுடையது என்று பொருளாகாது. அவனுக்குச் சேஷமானவளின் வயிற்றுப்பசியும் அவன் பொறுப்பே. அந்தப் பொறுப்பை நிறைவேற்றும் கைகளாக நம்மை நிறுத்தியிருக்கிறான். கையே எடுத்து வைத்துக்கொண்டால் என்ன சொல்வது?

பழங்காலத்தில் இந்த வேறுபாடு தெரிந்தே இருந்தது. கூலியின்றிச் செய்தே தீர வேண்டிய வேலைக்குச் சோழர் காலக் கல்வெட்டுகளில் வெட்டி, அமஞ்சி என்ற சொற்கள் உண்டு. விரும்பிச் செய்யும் பணிக்குக் கைங்கரியம் என்று பெயர். இரண்டிலும் கூலி இல்லை. இரண்டிலும் வியர்வை உண்டு. மறுக்கும் உரிமை இருந்ததா என்பது ஒன்றே வேறுபாடு. மறுக்க முடியாதவனிடம் பெற்ற பணியைக் கைங்கரியம் என்று அழைத்தால் அந்தத் திருச்சொல்லையே நாம் மாசுபடுத்துகிறோம்.

குருபரம்பரைக் கதைகளில் ஒன்று இவ்விடத்தில் நெஞ்சை உறுத்துகிறது. திருமங்கையாழ்வார் திருவரங்கத்துத் திருமதில் பணி செய்வித்தபோது கையில் பொருள் இல்லாமல் போயிற்று என்றும், கூலி கேட்ட பணியாளர்கள் ஓடத்தில் ஏற்றிக் கொண்டுபோகப்பட்டுக் கொள்ளிடத்தில் மூழ்கினர் என்றும், அவர்கள் பரமபதம் அடைந்தனர் என்றும் கூறுவர். ஆழ்வாரின் திருவுள்ளத்தை ஆராய அடியேனுக்குத் தகுதியில்லை. கதையில் உள்ள ஒன்றை மட்டும் சுட்டுகிறேன். அந்தப் பணியாளர்கள் கூலி கேட்டார்கள் என்பதை மரபு மறைக்கவில்லை. பரமபதத்தையே கூலியாகக் கொடுத்துத்தான் அந்தக் கணக்கை மூடுகிறது. ஆழ்வார் அருளால் அப்படி ஒரு கூலி கொடுக்க முடிந்தது எனலாம். நம்மால் பரமபதம் கொடுக்க முடியாது. நம்மால் கொடுக்க முடிந்தது ரூபாய்தான். அதையாவது கொடுப்போம்.

கல்லில் எழுதிய நன்றி

தஞ்சைப் பெரிய கோயிலை 1010இல் நிறைவு செய்த முதலாம் இராசராசன், தான் கொடுத்தவை, தமக்கை குந்தவை கொடுத்தவை, தேவியர் கொடுத்தவை, ஏனையோர் கொடுத்தவை ஆகிய அனைத்தையும் கல்லில் வெட்டப் பணித்தான். பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயர் அங்கே உண்டு. ஆடல் பணிக்கு அமர்த்தப்பட்ட 400 பெண்டிரின் பெயர்கள் அவர்கள் குடியிருந்த மனைகளோடு வரிசையாக உள்ளன. பேரரசனுக்கு அந்தப் பெயர்களால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. ஆயினும் அவற்றையும் வெட்டுவித்தான். சுவரில் கல் சுமந்த எல்லாருடைய பெயரும் அங்கே இல்லை என்பதும் உண்மையே. அவ்வளவில் அந்தக் கணக்கும் குறையுடையது.

திருவரங்கத்துக்கு வருவோம். தெற்கு வாயிலில் விசயநகர அரசர் காலத்தில் தொடங்கிய கோபுரம் அடித்தளத்தோடு நின்றது. நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அதை மொட்டைக் கோபுரம் என்றே மக்கள் அழைத்தனர். அரசு முடிக்காத அந்தப் பணியை, எண்பது வயதைக் கடந்த ஒரு துறவி கையில் எடுத்தார். அகோபில மடத்தின் 44ஆம் பட்டம் அழகியசிங்கர் 1979 மே மாதத்தில் திருப்பணியைத் தொடங்கினார். 13 நிலைகளும் 236 அடி உயரமும் கொண்ட இராசகோபுரம் நிறைவெய்தி 1987 மார்ச் 25 அன்று குடமுழுக்குக் கண்டது. இசையமைப்பாளர் இளையராஜா ஒரு நிலைக்கான செலவை ஏற்றது பலரும் அறிந்த செய்தி. அதுபோல் பெயர் அறியப்பட்டவர் சிலர். தம் ஊரிலிருந்து சிறு தொகை அனுப்பிவிட்டு, கோபுரத்தை நேரில் காணாமலே மறைந்தோர் எத்தனையோ பேர். அவர்களின் செங்கல் எந்த நிலையில் இருக்கிறது என்று எவராலும் காட்ட முடியாது. அந்த அம்மையாரின் மொழியில் சொன்னால், எல்லாம் ஒன்றாகத்தான் நிற்கின்றன. ஆனால் செங்கல் எது என்று காட்ட முடியாமை வேறு, செங்கல் கொடுத்தவர் உண்டு என்பதையே மறப்பது வேறு.

அதே 1987இல் கடல் கடந்த நாட்டில் துணியால் ஒரு பொதுக்கலை எழுந்தது. நூலையும் துணியையும் நம்பி வாழும் நம் ஊருக்கு அது அறியத்தக்கது. எய்ட்ஸ் நோயால் மாண்டவர்களை அமெரிக்காவில் அப்போது பலர் வெறுத்து ஒதுக்கினர். அவர்களின் தாயரும் தோழரும் உறவினரும், இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு துணிப்பலகை தைத்தனர். ஏறத்தாழ ஒரு மனிதன் படுக்கும் அளவாகிய 3 அடிக்கு 6 அடி அதன் அளவு. 1987 அக்டோபர் 11 அன்று வாசிங்டன் நகரின் பெருவெளியில் அவை ஒன்றாக விரிக்கப்பட்டபோது 1,920 பலகைகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 50,000 ஆகியுள்ளன. தைத்தவர்களில் பலர் தையலே அறியாதவர்கள். அவற்றில் பெரிதாகத் துலங்கும் பெயர் தைத்தவரின் பெயர் அன்று, மறைந்தவரின் பெயர். தன்னை மறந்து பிறரை மறவாத கை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. நாம் போற்றும் இரு தருமங்களும் அந்தத் துணியில் ஒருசேரத் தைக்கப்பட்டிருக்கின்றன.

உபயமும் விளக்கொளியும்

"பெயர்களை எழுதப் புகுந்தால் செருக்கு வளராதா?" என்பது நியாயமான அச்சம். கோயில்களில் குழல்விளக்கின்மேல் "உபயம்" என்று தொடங்கிப் பெயரும் ஊரும் கடையும் பெரிய எழுத்தில் எழுதி, வெளிச்சமே வெளிவராதபடி செய்திருப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். கொடுத்தவன் தன் பெயரைத் தானே எழுதிக்கொள்வதால் வந்த இருள் அது. பெற்றவர் நன்றியோடு குறித்து வைப்பது வேறு. முன்னது விளம்பரம், பின்னது கடன் ஒப்புதல். தொகையின் அளவுக்கேற்ப எழுத்தின் அளவை மாற்றும் பலகையை விட்டுவிட்டு, செய்தவர் அனைவரையும் ஒரே எழுத்தில் குறிக்கும் ஓர் ஏடு கோயிலில் இருந்தால் போதும். அதை எவரும் படிக்காவிட்டாலும் குற்றமில்லை. எழுதும்போது எழுதுகிறவன் ஒவ்வொருவரையும் நினைத்தாக வேண்டும். அந்த நினைப்பே அதன் பயன்.

எண்ணுவதற்கு முன் சேர்த்துக்கொள்ளவும் வேண்டும். சிவகங்கை மாவட்டக் கண்டதேவியில் வடம் பிடிக்கும் உரிமை குறித்த பிணக்கு நீதிமன்றம் வரை சென்றதையும், பல ஆண்டுகள் ஓடாதிருந்த தேர் 2024இல் மீண்டும் ஓடியதையும் அறிவோம். வடத்தில் ஒரு கையை விலக்கினால், எவ்வளவு வலிய கைகள் மீதம் இருந்தாலும் தேர் ஊருடையதாகாது. திருக்குலத்தாரைத் திருநாராயணபுரத்துக் கோயிலுக்குள் அழைத்த எம்பெருமானாரின் வழிவந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. திருவரங்கத்தில் துலுக்க நாச்சியாருக்காகக் கைலி உடுத்தி ரொட்டி அமுது செய்யும் பெருமாள், காதர் என்ற பெயர் தாங்கிய பேட்டையில் தைத்த சீலையை, தைத்தவரின் குலமும் மதமும் மொழியும் கேட்டா ஏற்பான்?

மீண்டும் அந்த நோட்டு

அடியேன் அந்த அம்மையாரைத் தேடிச் சென்றேன். வேலைக்குப் போவதை நிறுத்தி மகள் வீட்டில் இருந்தார். நோட்டைக் காட்டி, விடுபட்ட கூலியை இன்றைய கணக்கில் நீட்டினேன். மறுப்பார், அதைக் கூறி நாமும் இன்னொரு கதை சொல்லலாம் என்ற எண்ணம் உள்ளத்தின் ஒரு மூலையில் இருந்திருக்க வேண்டும். அவர் மறுக்கவில்லை. வாங்கி ஒவ்வொரு நோட்டாக எண்ணினார்.

"கேக்கோணும்னு நெனைச்சனுங்க. சாமி காரியத்துல கூலி கேட்டா நாலு பேரு என்ன நெனப்பாங்கன்னு உட்டுட்டனுங்க" என்றார்.

பிறகு அதில் ஒரு பங்கைத் தனியே மடித்து வைத்தார். "இது உண்டியலுக்குங்க. இப்பப் போட்டாத்தானுங்களே நான் போட்டதா இருக்கும்?"

மமதா தியாகத்துக்கு இதைவிடத் தெளிந்த உரையை அடியேன் எந்த மண்டபத்திலும் கேட்டதில்லை. தனக்கு உரியதாக ஒன்று முதலில் கைக்கு வந்தால்தான் அதை ஒருவர் பெருமாளுக்குக் கொடுக்க முடியும். கைக்கே வராததை விட்டுவிட்டாள் என்று புகழ்வது, அவள் செய்யாத தியாகத்தை அவள்மேல் ஏற்றி, நாம் செய்த குற்றத்தை மறைப்பது. தேரன்று அவர் சிரித்த சிரிப்பு பொய்யன்று. அந்த மகிழ்ச்சி உண்மையே. ஆனால் அது அவருடைய செல்வம். அதைக் கொண்டு அடியேனின் கடனைத் தீர்த்துக்கொள்ள அடியேனுக்கு உரிமை இல்லை.

ஆகவே ஊர் கூடிச் செய்யும் பணி எதுவாயினும், அது தேராயினும் கோபுரமாயினும் கோயில் வாசலில் இடும் பெருங்கோலமாயினும், நான்கு நெறிகள் போதும் எனத் தோன்றுகிறது. முதலாவது, கூலி உரியவருக்குக் கூலியை முதலில் கொடுப்பது. காணிக்கை பிறகு அவர் விருப்பம். இரண்டாவது, பணிக்கு அழைக்கும்போது மறுக்க இடம்விட்டு அழைப்பது. மூன்றாவது, வர விரும்பும் எந்தக் கையையும் விலக்காதிருப்பது. நான்காவது, தேநீருக்கு எழுதும் வரியைப் போல மனிதருக்கும் ஒரு வரி எழுதுவது. இவை நான்கும் செய்விப்போர் கடமை. செய்வோருக்கு உரியது ஒன்றே. முடித்தபின் மறந்துவிடுவது. அதை அவர்கள் நாம் சொல்லாமலே செய்வார்கள்.

திருவிழாக் காண வந்துள்ள அடியார்களே! தேர் நிலையை விட்டு நகரும்போது கலசத்தைச் சேவியுங்கள். திருக்கோலத்தைக் கண்ணாரக் கண்டு அனுபவியுங்கள். பின்பு ஒரு கணம் பார்வையைத் தாழ்த்தித் தொம்பையின் ஓரமடிப்பையும், வடத்தின் முறுக்கையும், சக்கரத்தடியில் குனிந்திருக்கும் முதுகுகளையும் பாருங்கள். அவர்கள் தம் பங்கை எண்ணமாட்டார்கள். அவர்களுக்காக நாம் எண்ணுவோம். அணிலின் முதுகில் கோடிட்ட திருக்கரம் உடையவன் நம் கணக்கையும் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

எம்பெருமான் திருவருள் அனைவருக்கும் பெருகுக!